மாவு யாருக்கு

1.

இந்தக் கதை நான் யோசித்து எழுதியதில்லை. மருந்துக்கடை வாசலில் கிடைத்தது. நெஞ்சுவலி வந்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, நான் வீடு திரும்பியிருந்த வாரம் அது. கடைக்காரர் இரண்டு அட்டை மாத்திரைகளை எடுத்து வைத்து, "இந்த ரெண்டையும் நிறுத்திராதீங்க சார். ரத்தம் கட்டிக்காம இருக்கறதுக்கு" என்றார். பக்கத்தில் சர்க்கரை மாத்திரை வாங்க நின்றிருந்த ஓர் அம்மாள், யாரையும் கேட்காமல் இரண்டாவது அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதை எங்க ஊட்டுக்காரரு மேலயுந்தானுங்க சோதிச்சுப் பாத்தாங்க. தொண்ணூத்தெட்டுல" என்றார்.

அவர் பெயர் அஜீஸுன்னிசா. திருப்பூரில் எங்கள் வேலம்பாளையத்திலேயே அடுத்த தெருவில் குடியிருப்பவர். கணவர் அப்துல் ரவூப் இறந்து வெகுகாலமாகிறது.

நான் உடனே சந்தேகப்பட்டேன். அடுத்தவர் மாத்திரையைக் கையில் எடுத்துப் பேச ஆரம்பிப்பவருக்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. அது என்ன என்பதையும் அவரே சொன்னார்.

"நீங்க கதை எழுதறவராமே. இதை எழுதறதுன்னா ஒருத்தரையும் நல்லவராக்கிப் போடாதீங்க. என்னையுந்தான்."

2.

எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இப்படி வந்தது:

'வேலம்பாளையத்து வானம் அன்று சாயம் தோய்த்த துணிபோல—'

வேண்டாம். வானத்துக்குச் சாயம் பூசும் எழுத்தாளர்களை நான் நம்புவதில்லை. எங்கள் ஊரில் சாயம் போய்ச் சேர்ந்த இடம் ஆறு.

இரண்டாவது தொடக்கம்:

'அப்துல் ரவூப் யாருக்கும் தீங்கு நினைக்காத—'

இதையும் நிறுத்திவிட்டேன். யாருக்கும் தீங்கு நினைக்காத மனிதர் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக ஒரு வாரம் தாங்க மாட்டார். துணியைக் குறைத்துக் கொடுத்துவிட்டுப் பனியன் எண்ணிக்கையைக் கூட்டிக் கேட்கும் ஊர் இது.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன், அதில் தகவல் மட்டும் இருப்பதால்:

கிட்டுசாமியின் பனியன் கம்பெனியில் அப்துல் ரவூப் கட்டிங் மாஸ்டர். முதலாளிக்கும் மாஸ்டருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரே வருடத்தில் இருவருக்கும் மாரடைப்பு வந்தது.

3.

முதலில் கிட்டுசாமிக்கு. ஜெர்மனிக்குப் போக வேண்டிய சரக்கைத் தரமில்லை என்று ஏஜென்ட் ஒதுக்கிவிட்டுப் போன மதியம், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார்.

அவர் திரும்பி வந்து கொஞ்ச நாளில் ரவூப். மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்து வெட்டிக்கொண்டிருந்தவர், கட்டிங் மெஷினை நிறுத்திவிட்டு அந்தத் துணிமேலேயே சாய்ந்தார். நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தார் என்பதை அஜீஸுன்னிசா என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அதில் அவருக்கு ஒரு பெருமை இருக்கிறது.

(இருவருக்கும் ஒரே நோயா, கதைக்கு வசதியாக இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டேன். உண்மைதான். வசதியாக இருப்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது.)

ரவூபைத் தன் மாருதி வேனில் படுக்க வைத்துக் கூடவே போனவர் கிட்டுசாமி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர் பக்கத்தில் நெஞ்சுவலிக்காரர் இன்னொருவர். இதயப் பிரிவில் டாக்டர் திருமூர்த்தியிடம், "நம்ம மாஸ்டரையும் அந்த மாத்திரைப் பரிசோதனையில சேத்திக்கோங்க டாக்டரே. நானும் அதுலதான இருக்கறேன்" என்று சொன்னவரும் அவரே.

அஜீஸுன்னிசா வராந்தாவில் நின்று இதைக் கேட்டார். அவர் சந்தேகம் அந்த இடத்தில் தொடங்குகிறது. வேலைக்காரர் மேல் முதலாளிக்கு எதற்கு இத்தனை அக்கறை? ஆள் பிடித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களோ?

என் சந்தேகம் வேறு. அக்கறைக்குக் காரணம் தேடுகிறவர்கள் என்றைக்காவது அக்கறையைப் பார்த்திருக்கிறார்களா?

4.

ரவூப் கொஞ்சம் தேறிய பிறகு டாக்டர் திருமூர்த்தி கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். நர்ஸ் ஜானகியம்மாள் பக்கத்தில் நின்றார். பரிசோதனைக்கு வருகிறவர்களைக் கவனித்துக்கொள்வது அவர் வேலை.

"ஆஸ்பிரின் எல்லாருக்கும் உண்டு" என்றார் டாக்டர். "அதுகூட இன்னொரு மாத்திரை. ரெண்டையும் சேத்துக் குடுத்தா மறுபடி அடைப்பு வராம இன்னும் நல்லாத் தடுக்குமான்னு பாக்கறோம். பாதிப் பேருக்கு அந்த ரெண்டாவதுல மருந்து இருக்கும். மீதிப் பேருக்கு மருந்து இல்லாத வெறும் மாத்திரை. பாக்க ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

"எனக்கு எதுங்க?" என்றார் ரவூப்.

"தெரியாது."

"உங்களுக்குமே தெரியாதுங்களா?"

"எனக்கும் தெரியாது. சிஸ்டருக்கும் தெரியாது. குலுக்கிப் போட்டு எண் வரும். அந்த எண் பாட்டில் உங்களுக்கு."

அஜீஸுன்னிசா குறுக்கிட்டார். "தெரியாம எப்படிங்க மருந்து குடுப்பீங்க?"

"தெரிஞ்சா மனசு ஒரு பக்கமா சாஞ்சிரும்மா. மருந்து வாங்கறவங்களை ஒரு மாதிரியும், வாங்காதவங்களை ஒரு மாதிரியும் பாத்துருவோம்."

"எங்க மொதலாளிக்கு?"

"அவருக்கும் குலுக்கல்தான்."

இதை அஜீஸுன்னிசா நம்பவில்லை. இன்றைக்கும் முழுதாக நம்பவில்லை. கிட்டுசாமிக்கும் தன் கணவருக்கும் ஒரே குலுக்கலில் எண் விழும் என்பதை அவர் வாழ்க்கையில் வேறெங்கும் பார்த்ததில்லை. ரேஷன் கடையிலும் இல்லை, பள்ளிக்கூடத்திலும் இல்லை.

சம்மதத்துக்காகக் கொடுத்த தமிழ்த் தாளில் அந்த வெறும் மாத்திரையைப் 'போலி மாத்திரை' என்று போட்டிருந்தார்களாம்.*

ரவூப் கையெழுத்துப் போட்டார். மருந்தும் செக்கப்பும் ஆஸ்பத்திரிப் பொறுப்பு. ரத்தம் எளிதில் நிற்காது, அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வேறு எந்த மாத்திரையையும் கேட்காமல் போடாதீர்கள் என்று ஜானகியம்மாள் சொல்லி அனுப்பினார்.

* யார் மொழிபெயர்த்தார்களோ, அவர் திருப்பூர்க்காரர் இல்லை என்பது நிச்சயம். இங்கே போலி என்றால் அடுத்த கம்பெனி லேபிளைத் தன் பனியனில் தைத்து விற்பது. அப்படி விற்றவன் மாட்டினால் அடி விழும். அந்தச் சொல்லைப் படித்த ஒருவருக்குத் தன் உடம்புக்குள் ஏமாற்று நடக்கிறது என்று தோன்றாமல் எப்படி இருக்கும்?

5.

இந்த இடத்தில் கதை கொஞ்ச நாள் சும்மா இருக்கிறது. வாழ்க்கை அப்படித்தான் இருக்கும், கதையில்தான் அது குற்றம். எனவே ரத்தத்துக்குப் போகிறேன்.

ரவூபுக்குப் பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. மேஜை விளிம்பில் லேசாக இடித்துக்கொண்டாலும் முழங்கையில் நீலம் பாரித்தது. ஒரு நாள் சவரக்கடையில் தாடைக்குக் கீழே பட்ட கீறலில் ரத்தம் நிற்கவே இல்லை. கழுத்தில் துண்டை அழுத்திப் பிடித்தபடி கம்பெனிக்கு வந்தார்.

கிட்டுசாமி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தாடையைத் தடவிப் பார்த்தார். அவருக்குப் பட்ட எந்தக் கீறலிலும் ரத்தம் நிற்காமல் இருந்ததில்லை. ஈறு சுத்தமாக இருந்தது. உடம்பில் எங்கும் நீலம் இல்லை.

"மாஸ்டரே, உங்களுக்கு நெச மருந்து வந்திருச்சுங்க. என்ற பாட்டில்ல இருக்கறது வெறும் மாவு" என்றார்.

"அப்படிச் சொல்ல முடியாதுங்களே. ஆஸ்பிரினுக்கே இப்படி ஆகும்னு டாக்டரு சொன்னாருங்க."

"நானுந்தான ஆஸ்பிரின் போடறேன். எனக்கு ஏன் ஆகல?"

இருவரும் தங்கள் மாத்திரைகளை எடுத்து டேபிளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு துண்டுத் துணியில் எது எந்த ரோலில் வெட்டியது என்று தடவியே சொல்லக்கூடிய ஆட்கள். மாத்திரையில் ஒன்றும் பிடிபடவில்லை.

ஒரு வாரத்தில் மாத்திரைகள் கை மாறின. கிட்டுசாமியின் பாட்டிலில் ரவூபின் மாத்திரை, ரவூபின் பாட்டிலில் கிட்டுசாமியின் மாத்திரை. செக்கப்புக்குப் போய் வரும் ஒவ்வொரு தடவையும் இதே மாற்றம். ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது.

6.

யார் கேட்டது?

கதை இங்கேதான் நொண்டுகிறது. நான் எவ்வளவு தள்ளினாலும் நகரவில்லை.

அஜீஸுன்னிசா சொன்னது: "மொதலாளிதான் கேட்டாரு. இவரு ஊட்டுக்கு வந்து எங்கிட்ட சொன்னாரு. 'மாத்திக்கலாமான்னு கேக்கறாரு, சரீன்னுட்டேன்'னாரு. 'உங்க உசுரையில்ல கேக்கறாரு, அதுக்குமா சரீம்பீங்க'ன்னேன். 'வேன்ல தூக்கிப் போட்டுக்கிட்டு போனவரு அஜீஸு, எப்படி மாட்டேங்கறது'ன்னாரு. மொதலாளி கேக்கறதுன்னா அது கேக்கறதா சார்?"

கிட்டுசாமி இன்னும் இருக்கிறார். கம்பெனி மகன் கையில். நான் போனபோது அவர் மனைவி ரங்காத்தாள் மோர் கொடுத்தார். கிட்டுசாமி சொன்னது இது:

"நான் கேப்பனுங்களா? மாஸ்டரு பயந்துட்டாருங்க. தினமும் ரத்தம். 'எனக்கு மூளைல ரத்தம் ஒழுகிருமோன்னு இருக்குதுங்க மொதலாளி, அந்த மாவை எனக்குக் குடுத்துருங்க'ன்னு அவருதான் கேட்டாரு. நான் யோசிச்சேன். எனக்கும் வேண்டியிருந்துச்சு, இல்லைங்கல. ஆனா கேட்டது அவரு."

"அவுங்க ஊட்டம்மா வேற மாதிரி சொல்றாங்களே" என்றேன்.

"அவுங்க கிட்ட மாஸ்டரு பயந்தேன்னு சொல்லியிருப்பாருங்களா? நீங்க உங்க ஊட்டுல சொல்லுவீங்களா?"

சொல்ல மாட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

(அஜீஸுன்னிசாவின் பேச்சை நான் ஏன் முதலில் எழுதினேன்? அவர் முதலில் சொன்னார் என்பதாலா, முதலாளி கெட்டவனாக இருந்தால் கதைக்கு நல்லது என்பதாலா? வரிசையை மாற்றிப் படித்துப் பாருங்கள். கிட்டுசாமி சொன்னதை முதலில் வைத்தால், அஜீஸுன்னிசா கணவரின் பயத்தை மறைக்கிறவராகத் தெரிவார். எழுதுகிறவன் கையில் இவ்வளவு இருக்கிறது. அவனையும் சந்தேகப்படுங்கள்.)

7.

நடந்ததில் இனி வருவதற்கு இரண்டு பக்கம் இல்லை. எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்.

கிட்டுசாமிக்கு முழங்கால் வலி. அவினாசியில் ஒரு வைத்தியர் கொடுத்த வலி மாத்திரையை, கோவையில் யாரிடமும் சொல்லாமல் போட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பிரின், ரவூபின் மாத்திரை, அதோடு இதுவும். ஒரு காலை தோட்டத்துக்குப் போனவர் வரப்பில் உட்கார்ந்து ரத்தமாக வாந்தி எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். பரிசோதனை மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார்கள். இப்படி உயிருக்கு ஆபத்து வந்தால், அந்த எண்ணுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழி உண்டு. டாக்டர் திருமூர்த்தி கேட்டார். கிட்டுசாமியின் எண்ணுக்கு வெறும் மாத்திரை என்று பதில் வந்தது.

டாக்டர் வேறு காரணம் தேட ஆரம்பித்தார். குடல்புண்ணா, ஈரலா என்று பார்த்தார்கள். ஏற்றிய ரத்தம் மறுபடி மறுபடி கசிந்தது. எல்லோரும் குழம்பினார்கள்.

கிட்டுசாமி குழம்பவில்லை. மருந்தை நிறுத்தினால் மாரடைப்பு வரும் என்பது அவர் பயம். டாக்டர் நிறுத்தச் சொன்ன மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது விழுங்கிக்கொண்டிருந்தார். ரங்காத்தாளுக்குத் தெரியும். 'உசிரு போனாலும் சொல்லாதே' என்று அவர் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார்.

சந்தேகப்பட்டவர் ஜானகியம்மாள். வெறும் மாத்திரை சாப்பிட்டவருக்கு இப்படி ஆகாது, நடுவில் என்னவோ நடந்திருக்கிறது, அதே கம்பெனியில் இருந்து பரிசோதனைக்கு வருகிற இன்னொருவர் ரவூப் என்று யோசித்து, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வேலம்பாளையம் வந்தார். ரவூப் கம்பெனியில் இருந்தார். வீட்டில் அஜீஸுன்னிசா மட்டும்.

ஜானகியம்மாள் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "அவரு அங்க கெடக்கறாரும்மா. ரத்தம் நிக்க மாட்டேங்குது. உங்க ஊட்டுக்காரரு மாத்திரை எங்க போச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

இங்கே அஜீஸுன்னிசா எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார் என்று கேட்டேன்.

"நெம்ப நேரம் இல்லீங்க" என்றார். பிறகு, "இருந்தேன்" என்றார்.

சொன்னால் கணவர் பரிசோதனையில் இருந்து வெளியே போவார். வேலையும் போகலாம். சொல்லாவிட்டால், தன் கணவரின் மருந்தை எடுத்துக்கொண்ட மனிதர் அந்த மருந்தாலேயே சாவார். அதில் யார் கையும் படாது. அப்படி ஒரு நியாயம் தன் வாசலுக்கு வந்து நின்றதை அவர் என்னிடம் மறைக்கவில்லை.

"என்ன நெனச்சீங்க?"

"அவரு போயிட்டா நல்லதுன்னு நெனச்சேன். நெனச்சுட்டுத்தான் சொன்னேன்."

மாற்றிக்கொண்டார்கள் என்றார் ஜானகியம்மாளிடம். முதலாளி சட்டைப் பையைப் பாருங்கள் என்றும் சொன்னார். 'கைக்கு எட்டற எடத்துலதான் வெச்சிருப்பாரு, அந்த ஆளு எதையும் தூரத்துல வெக்க மாட்டாரு' என்றாராம்.

சட்டைப் பையில் இருந்தது. ரவூபின் எண்ணையும் கேட்டார்கள். அதில் மருந்து இருந்தது. கிட்டுசாமி ஊகித்தது சரிதான். பிழைத்துக்கொண்டார்.

8.

இங்கே முடித்தால் எல்லோரும் நிம்மதியாகப் போகலாம். நானும் ஒரு தடவை இங்கே முடித்தேன். அந்தப் பிரதியில் கிட்டுசாமி கம்பெனி வாசலில் ரவூபின் கையைப் பிடித்துக்கொண்டு—

இல்லை. அப்படி நடக்கவில்லை.

இருவரும் பரிசோதனையில் இருந்து நீக்கப்பட்டார்கள். டாக்டர் திருமூர்த்தி கோபப்படவில்லை. அதுதான் ரவூபுக்குக் கஷ்டமாக இருந்தது.

"உங்க ரெண்டு பேரையும் கணக்குல எப்படி எழுதறதுன்னே தெரியல" என்றார் டாக்டர். "அதை விடுங்க. மாஸ்டரே, இத்தனை மாசம் நீங்க ஆஸ்பிரின் மட்டுந்தான் சாப்பிட்டிருக்கீங்க. இனியும் அதுதான். இந்த ரெண்டாவது மருந்தை வெளிய வாங்கித் தர எனக்கு வழியில்ல."

ரவூப் வேலையில் நீடித்தார். முதலாளி போகச் சொல்லவில்லை. ஆனால் கிட்டுசாமி கட்டிங் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். என்ன சொல்ல வேண்டுமென்றாலும் சூப்பர்வைசர் வழியாகச் சொல்லி அனுப்பினார். அத்தனை வருடம் தினமும் பேசிக்கொண்டவர்கள். யார் யாரைக் கண்டு ஒளிந்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடம் ரம்ஜான் கழிந்த சில நாட்களில் ரவூபுக்கு மறுபடி மாரடைப்பு வந்தது. இந்தத் தடவை கோவை போய்ச் சேரவில்லை.

மாத்திரையை மாற்றியிருக்காவிட்டால் பிழைத்திருப்பாரா?

இதற்குப் பதில் இருப்பதுபோலத் தெரியும். இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் மறு அடைப்பு குறைகிறது, ரத்தக் கசிவு கூடுகிறது என்று பிற்பாடு சொன்னார்கள். அதனால்தான் இன்று என் அலமாரியிலும் இரண்டு அட்டை இருக்கிறது. ஆனால் அது ஆயிரக்கணக்கானவர்களை ஒன்றாக நிறுத்திப் பார்த்துச் சொன்ன பதில். அந்தக் கூட்டத்தில் இருந்து அப்துல் ரவூபை மட்டும் தனியே அழைத்து, உனக்கு என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால் பதில் கிடையாது. மருந்தோடும் செத்தவர்கள் இருக்கிறார்கள். மாவோடும் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். அந்த மருந்தை நிறுத்திய பிறகும் கிட்டுசாமி இருக்கிறார்.

இதை அஜீஸுன்னிசாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அது டாக்டருங்க கேக்கற கேள்விங்க. நான் கேக்கறது அது இல்ல" என்றார்.

9.

அவர் கேட்பது, மாற்றிக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்து முதலில் சொன்னது யார் என்பதை. கணவர் முதலாளிக்குப் பணிந்து கொடுத்தாரா, ரத்தத்துக்குப் பயந்து கொடுத்தாரா? பணிந்து கொடுத்திருந்தால் கோபப்பட ஓர் ஆள் இருக்கிறார். பயந்து கொடுத்திருந்தால், அந்தப் பயத்தைத் தன்னிடம் சொல்லாத ஒருவரோடு அத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறார். எது மேல் என்று என்னைக் கேட்டார். நான் கதைதானே எழுதுகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

ரவூபை அடக்கம் செய்த மறுநாள் கிட்டுசாமி அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். துக்கம் விசாரிக்க வந்திருந்த ஜானகியம்மாளும் அப்போது அங்கே இருந்தார். அஜீஸுன்னிசா கதவுக்கு உள்ளே இருந்தபடியே கேட்டாராம்: "மொதல்ல கேட்டது நீங்களா, அவரா?"

அஜீஸுன்னிசா சொல்கிறார்: 'நாந்தானுங்கம்மா' என்று கிட்டுசாமி சொன்னார். குரல் உடைந்துபோய்ச் சொன்னார்.

கிட்டுசாமி சொல்கிறார்: 'மாஸ்டருதானுங்கம்மா' என்றுதான் சொன்னேன். அந்தம்மா அழுதுகொண்டிருந்தார், காதில் விழுந்திருக்காது.

முடிவுகள் என்னிடம் தயாராக இருந்தன. கிட்டுசாமி அன்று உண்மையை ஒத்துக்கொண்டு, வயதான பிறகு அதை மாற்றிக்கொண்டார் என்பது ஒன்று. வாழ்நாள் முழுக்கக் கேட்க விரும்பிய ஒரு சொல்லை அஜீஸுன்னிசா அன்று தானே கேட்டுக்கொண்டார் என்பது இன்னொன்று. செத்துப்போனவர் மனைவியின் முகத்துக்காக, கேட்காத ஒன்றைத் தான் கேட்டதாக அன்று கிட்டுசாமி பொய் சொன்னார், கேட்டது யார் என்பதில் இன்றைக்கு உண்மை சொல்கிறார் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததால் அதைத்தான் அதிகம் சந்தேகப்படுகிறேன்.

எழுதி முடிக்கும் முன் ஜானகியம்மாளைப் போய்ப் பார்த்தேன். ஓய்வுபெற்று மகள் வீட்டில் இருக்கிறார். காது நன்றாகக் கேட்கிறது. ஞாபகமும் தெளிவு.

"கிட்டுசாமி என்ன சொன்னாருன்னு உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?" என்றேன்.

"கேட்டுதுங்களே. பக்கத்துலதான நின்னேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒருத்தர் அதை நம்பிக்கிட்டு இருக்கறாங்க. இன்னொருத்தர் இதை நம்பிக்கிட்டு இருக்கறாரு. ரெண்டு பேரும் நல்லாத்தான இருக்கறாங்க. நீங்க எதுக்குக் கேக்கறீங்க சார்?"

கதைக்காக என்றேன்.

"கதைக்குன்னா வேண்டாங்க" என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். வேறு காரணம் ஒன்று சொல்லியிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. என்னிடம் வேறு காரணம் இல்லை. உங்களிடம் இருந்தால் போய்க் கேளுங்கள். வீரபாண்டி பஸ் நிறுத்தத்தில் இறங்கி, நர்ஸம்மா வீடு என்றால் யாரும் காட்டுவார்கள்.